பதிவேட்டில் ஒரு வரி

வரலாறு என்றவுடன் மன்னர்களும் படையெடுப்புகளும் உடன்படிக்கைகளும் நம் நினைவிற்கு வருவது இயல்பு. வகுப்பறையில் நாம் கற்பிக்கும் வரலாறும் பெரும்பாலும் அத்தகையதே. ஆயினும் ஓர் எளிய மனிதனின் பெயரை அரசாங்கம் முதன்முதலாக எழுதிக்கொள்ளும் இடம் ஒன்றுண்டு. அதுவே பிறப்புப் பதிவேடு. குழந்தையின் பெயர், பிறந்த நாள், பிறந்த இடம், தாய் தந்தையர் பெயர் எனச் சில கட்டங்களைக் கொண்ட ஒரு வரி அது. அவ்வொரு வரி இருந்தமையால் குடியுரிமை பெற்றோரும் உளர். அஃது இல்லாமையால் பிறந்த மண்ணிலேயே அந்நியராய் நின்றோரும் உளர். மலாயாத் தோட்டப்புறத் தமிழர் வாழ்வில் அவ்வரி பெற்ற இடம் யாது, அதனை இன்று தேடுவோர் எவ்வழியில் தேடுதல் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், முதலாம் ஆண்டு மாணவர் பதிவு நடந்துகொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில் ஓர் அம்மையார் பள்ளி அலுவலகத்திற்கு வந்தார். பிள்ளையைச் சேர்க்க வந்தவர் என எண்ணி நாற்காலியைக் காட்டினேன். அவரோ, “சார், பிள்ளைக்காக வரவில்லை, என் அப்பாவுக்காக வந்திருக்கிறேன்” என்றார். தந்தையார் எழுபது வயதை நெருங்கியவர். இந்நாட்டில் பிறந்து, இந்நாட்டிலேயே பால்மரம் சீவி, இந்நாட்டிலேயே முதுமை எய்தியவர். எனினும் அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. பிறப்புப் பத்திரம் இல்லை. “சர்வதாரி வருடம் மாசி மாதம் பிறந்தவன்” என்று பாட்டியார் சொல்லிவந்த ஒரு சொல்லே குடும்பத்தில் எஞ்சிய சான்று. 1948ஆம் ஆண்டுப் பதிவுகளில் தேடும்படி இருமுறை விண்ணப்பித்தும் பெயர் அகப்படவில்லையாம். “அப்பா இந்தத் தோட்டப் பள்ளியில்தான் படித்தார். பழைய புத்தகம் ஏதாவது இருக்குமா, சார்?” என்று அவர் கேட்டார். எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. அவ்வினாவிற்கு விடை காணுமுன், அத்தகைய வினா எழ நேர்ந்த வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

சட்டம் வந்த வழி

பிறப்பை எழுதிவைக்கும் வழக்கம் ஆங்கிலேயரிடத்துச் சமயத்தின் வழியாகத் தோன்றியது. எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு திருச்சபைப் பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் எழுதி வருதல் வேண்டும் என்று 1538ஆம் ஆண்டில் ஆணையிட்டார். 1837 ஜூலை முதல் நாள் தொடங்கி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசாங்கமே பிறப்பைப் பதியலாயிற்று. எனினும், பிறப்பை அறிவிக்கும் கடமையைப் பெற்றோர்மீது உறுதியாகச் சுமத்தியது 1874ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமே. சட்டம் இயற்றிய நாட்டிலேயே அஃது முழுமையாக வேரூன்ற ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றன. தோட்டப்புறத்தார் பிறப்பைப் பதியத் தவறியதற்கு அவர்தம் அறியாமை ஒன்றையே காரணமாகக் கூறுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

ஆங்கிலேயர் தம் ஆட்சிப் பகுதிகள் தோறும் இம்முறையைக் கொண்டு சென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களில் பிறப்புப் பதிவு சட்டமாயிற்று. மலாய் மாநிலங்களிலும் பின்னர் நடைமுறைக்கு வந்தது. நம் முன்னோர் புறப்பட்டு வந்த சென்னை மாகாணத்திலோ 1899ஆம் ஆண்டில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. சிற்றூர்களில் அப்பணி ஊர்த்தலைமைக்காரர் கையில் இருந்தது. ஆகவே, தேடப்படுபவர் எந்நாட்டில் பிறந்தவர் என்பதே முதற்கண் தெளிவுபட வேண்டிய செய்தியாகும். கருவுற்ற மகளைப் பேறுகாலத்திற்குத் தாய்வீட்டிற்கு அனுப்பும் வழக்கம் கடல் கடந்தும் நீடித்தது. கப்பலேறித் தமிழகம் சென்று, பிள்ளையோடு திரும்பிய தாய்மாரும் இருந்தனர். அத்தகையோரின் பிறப்பை மலாயாப் பதிவேட்டில் எத்துணைக் காலம் தேடினும் பயனில்லை.

தோட்டமும் போலீஸ் நிலையமும்

ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல், தோட்டத்துப் பிறப்புகள் பெரும்பாலும் லயத்து வீடுகளிலேயே நிகழ்ந்தன. மருத்துவச்சி ஒருத்தி உடனிருப்பாள். பெரிய தோட்டமாயின் அங்குள்ள மருத்துவமனையில் டிரெசர் என்று அழைக்கப்பட்ட மருத்துவ உதவியாளர் இருப்பார். பிறப்பைப் பதிவு செய்யும் இடமோ பெரும்பாலும் அருகிலுள்ள ஊரின் போலீஸ் நிலையமாக இருந்தது. அருகு என்பது பெயரளவிலேதான். செம்மண் சாலையில் ஐந்தாறு கட்டை தூரம் நடக்க வேண்டியிருந்த தோட்டங்கள் பல. ஒரு நாள் போய் வந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. பதியச் செல்லும் தந்தைக்கு எழுத்தறிவு இல்லாதிருக்கும். தோட்டத்துக் கிராணியார் எழுதிக் கொடுத்த துண்டுத்தாளை நீட்டுவார். அல்லது வாய்மொழியாகச் சொல்வார். எழுதிக்கொள்பவர் தமிழறியாதவர். தம் செவியில் விழுந்த ஒலியை ரோமன் எழுத்தில் அவர் பதிந்துகொண்டார். தந்தை கைந்நாட்டு இட்டுவிட்டுத் திரும்பினார். அங்கே எழுதப்பட்டது தம் மகனின் பெயர்தானா என்று படித்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை.

சட்டத்திற்கும் நம் வழக்கத்திற்கும் இடையே இருந்த ஒரு முரணையும் இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், குழந்தை பிறந்த 14 நாள்களுக்குள் பிறப்பை அறிவிக்கும்படி விதித்தது. நம் குடும்பங்களிலோ பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ தீட்டுக் கழித்த பின்னரே குழந்தைக்குப் பெயர் சூட்டுவது மரபு. சட்டப்படி உரிய நாளில் சென்றவரிடம் குழந்தையின் பெயர் இல்லை. பெயரோடு சென்றவர்க்குக் காலம் கடந்துவிட்டது! இதனால் பெயர்க்கட்டம் வெறுமையாய் விடப்பட்ட பதிவுகளும், அந்நேரத்திற்கு வாய்க்கு வந்த பெயர் எழுதப்பட்ட பதிவுகளும் உண்டு. பின்னர் வீட்டில் சூட்டிய பெயர் வேறாகவும் ஏட்டில் நின்ற பெயர் வேறாகவும் போயின.

‘சூராட் பெரானாக்’ என்று மலாய்ச் சொல்லாலேயே பேச்சில் வழங்கிய அத்தாள் கைக்கு வந்த பின்னரும் அதற்குப் பாதுகாப்பில்லை. ஒழுகும் கூரையும் கறையானும் ஒருபுறம். தோட்டம் விட்டுத் தோட்டம் மாறும் வாழ்க்கை மறுபுறம். தகரப்பெட்டியின் அடியில் அதனை வைத்துக் காத்த தாய்மாரை நாம் வணங்குதல் தகும்.

போர்க்காலப் பதிவுகள்

ஜப்பானியர் ஆட்சிக்காலமாகிய 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகள், தேடுவோர்க்குப் பெரும் இடர் தருவன. சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டு மாண்ட காலம் அது. பிறப்பை அறிவிக்க வேண்டிய தந்தை வீட்டில் இல்லை; பசியும் நோயும் மிகுந்த லயத்தில், பதிவைப் பற்றி நினைப்பாரும் இல்லை. பதிவு செய்யப்பட்ட தாள்களிலும் ஒரு புதிர் உண்டு. ஜப்பானியர் தம் பேரரசின் ஆண்டுக்கணக்கைப் புகுத்தினர். அக்கணக்கில் 1942ஆம் ஆண்டு 2602 ஆகும்; 1945ஆம் ஆண்டு 2605 ஆகும். பழைய தாள் ஒன்றில் 2603 என்னும் எண்ணைக் கண்டு எழுத்துப் பிழையென ஒதுக்கிவிடலாகாது. 660ஐக் கழித்தால் 1943 என்னும் ஆண்டு கிடைக்கும். மேலும், அக்காலத்தில் மலாயாக் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்திற்கு ஒன்றரை மணி நேரம் முன்னே திருப்பப்பட்டன. பிறந்த நேரத்தைக் கொண்டு சாதகம் கணிப்போர் இதனையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

தாளும் குடியுரிமையும்

போருக்குப் பின்னர்தான் அவ்வொரு வரியின் பெறுமதி வெளிப்பட்டது. அவசரகாலம் அறிவிக்கப்பட்ட 1948ஆம் ஆண்டில், 12 வயதும் அதற்கு மேலும் ஆனோர்க்கு அடையாள அட்டை கட்டாயமாக்கப்பட்டது. பிறப்புப் பத்திரம் இல்லாத பலர் தம் வயதை உத்தேசமாகக் கூறினர். உத்தேசமே அட்டையில் ஏறி உண்மையாக நின்றுவிட்டது.

1957 ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. அந்நாள் முதல் 1962 செப்டம்பர் முடிய இந்நாட்டில் பிறந்தோர், பிறந்தமையாலேயே குடிமக்கள் ஆயினர். 1962 அக்டோபர் முதல் பிறந்தோர்க்கு, பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்னும் விதி சேர்க்கப்பட்டது. நிரந்தரவாசியின் பிள்ளைக்கு இருந்த அவ்வழியை நீக்கும் திருத்தத்தை 2024ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஏற்றது. விடுதலைக்கு முன்னர் இங்குப் பிறந்து குடியுரிமை பெறாதிருந்தோர், விண்ணப்பித்துப் பதிந்துகொள்ள அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு வழிவகுத்தது. விடுதலைக்குப் பின் ஓராண்டிற்குள் அப்பிரிவின்கீழ் விண்ணப்பித்தோர்க்கு மலாய்மொழித் தேர்வும் விலக்கப்பட்டிருந்தது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டோர் பலர். ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருந்துவிட்டோரும் பலர். இங்குப் பிறந்தேன் என்று கூறினாலும் அதற்குச் சான்று காட்ட இயலாது திரும்பியோரும் இருந்தனர்.

அந்த ‘நாளை’ 1969ஆம் ஆண்டில் வந்தது. குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் பெறுதல் வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, தோட்டங்களில் உழைத்துவந்த தமிழர் பல்லாயிரவர் வேலையிழந்து இந்தியாவுக்குக் கப்பலேறினர். அவர்களுள் இம்மண்ணைத் தவிர வேறு மண்ணை அறியாதோரும் இருந்தனர். தாத்தாவும் பாட்டியும் கப்பலில், பேரப்பிள்ளைகள் கரையில் என்று குடும்பங்கள் பிரிந்தன. ஒரு தாளின் இன்மை ஒரு கடலின் அகலமாயிற்று.

தேடும் முறை

இனி, அவ்வரியைத் தேடும் முறையைக் காண்போம். தேடுவதற்கு ஆண்டு, பெயர், இடம் ஆகிய மூன்றும் இன்றியமையாதன. மூன்றிலும் மயக்கம் உண்டு.

முதலாவது ஆண்டு. நம் முதியோர் தமிழ் ஆண்டின் பெயரையும் மாதத்தையும் கொண்டே பிறப்பை நினைவில் வைத்தனர். தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் தொடங்கி, மறு ஏப்ரல் நடுவில் முடிவது. ஆகவே மார்கழியின் பிற்பகுதியும் தை, மாசி, பங்குனி மாதங்களும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். சர்வதாரி ஆண்டு 1948 ஏப்ரலில் பிறந்தது. அதன் மாசி மாதமோ 1949 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் அமைந்தது. மேற்குறித்த அம்மையார் 1948ஆம் ஆண்டில் தேடியது இம்மயக்கத்தினாலேயே. பார்த்திப ஆண்டு ஆடி மாதம் எனின், அது 1945 ஜூலை, ஆகஸ்டு மாதங்களைக் குறிக்கும். ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வருவன என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாவது பெயர். தமிழின் ழகரத்திற்கு நேரான எழுத்து ஆங்கிலத்தில் இல்லை. ‘பழனி’ என்பது ‘பலனி’ என்றும் ‘பளானி’ என்றும் படிக்கத்தக்க வகையில் எழுதப்பட்டிருக்கும். ‘முனியம்மாள்’ ஈற்றெழுத்தை இழந்தும், ஒற்றெழுத்தை இழந்தும் நான்கைந்து வடிவங்களில் காணப்படுவாள். கந்தசாமி என்னும் ஒரே பெயர், கந்தன் என்றும் சாமி என்றும் இரண்டாகப் பிளந்து நிற்பதும் உண்டு. ஆதலின் ஒரு வடிவத்தில் தேடிக் கிடைக்கவில்லை எனக் கைவிடாது, ஒலியால் நெருங்கிய வடிவங்கள் அனைத்தையும் எழுதிக் கொண்டுசெல்லுதல் வேண்டும். உடன்பிறந்தோரின் பிறப்புப் பத்திரம் ஒன்று கிடைப்பின் பெருந்துணையாகும். தாய் தந்தையர் பெயர் எவ்வடிவத்தில் பதியப்பட்டது என்பதை அது காட்டிவிடும்.

மூன்றாவது இடம். தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, தமிழ் வழக்கில் பெயர் மற்றொன்று. ‘பத்தாங்கட்டைத் தோட்டம்’ என்று நாம் கூறுவதைப் பதிவேடு அறியாது. ஊர்ப்பெயர்களும் மாறியுள்ளன. இன்றைய தெலுக் இந்தான் 1982 வரை தெலுக் அன்சன் என்றே வழங்கியது. கிள்ளான் துறைமுகம் 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹம். கோலாலம்பூர் 1974 பிப்ரவரி வரை சிலாங்கூர் மாநிலத்தின் பகுதி. லுமுட், பங்கோர் அடங்கிய டிண்டிங்ஸ் பகுதி, 1935இல் பேராக்கிடம் திரும்பும்வரை நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலில் பல தோட்டங்களின் பெயரே மறைந்துபோயிற்று. மறைந்த தோட்டப் பெயர்களை அறிய அக்கால நிலப்படங்களும், 1957 டிசம்பரில் தோற்றுவிக்கப்பட்ட தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள பழைய அரசாங்கக் கோப்புகளும் துணைபுரியும்.

இம்மூன்றையும் இயன்றவரை தெளிந்தபின், தேசிய பதிவிலாகாவின் அலுவலகத்திற்கு நேரில் சென்று, பதிவினின்று எடுத்துத் தரப்படும் நகலுக்கு விண்ணப்பித்தல் வேண்டும். உரியவரே செல்லுதல் நலம். இயலாதவிடத்து, உறவை மெய்ப்பிக்கும் பத்திரங்களோடு நெருங்கிய உறவினர் செல்லலாம். பிறப்புப் பத்திர எண் தெரிந்திருப்பின் தேடல் எளிதாகும். விண்ணப்பித்த நாள், பெற்றுக்கொண்ட சீட்டு, அளிக்கப்பட்ட விடை ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்துவைத்தல் நன்று. ‘இல்லை’ என்னும் விடையையும் எழுத்தில் கேட்டுப் பெறுக. பதிவே இல்லாதவிடத்துக் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது அவ்விடை பயன்படும்.

பதிவு அகப்படாதபோது துணைச்சான்றுகளைத் திரட்டுதல் வேண்டும். தோட்ட மருத்துவமனையின் பேறுகாலக் குறிப்பு, கத்தோலிக்கராயின் கோயிலின் திருமுழுக்கு ஏடு, அம்மை குத்திய அட்டை, பெற்றோரின் பழைய அடையாள அட்டை, பிறப்பை அறிந்த முதியோரின் சத்தியப் பிரமாணம் ஆகியவை அத்தகையன. இவை யாவற்றோடும் வைத்து எண்ணத்தக்க இன்னொரு சான்று நம் கைகளிலேயே உள்ளது. அதுவே தமிழ்ப்பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பதிவேடு.

அலமாரியில் கிடைத்த விடை

அம்மையார் கேட்ட வினாவிற்கு இப்போது வருவோம். எங்கள் பள்ளி தோட்டத்தினின்று இடம் பெயர்ந்தபோது, பழைய மர அலமாரி ஒன்றும் உடன் வந்தது. அதில் கிடந்த ஏடுகளுள் சிலவற்றைக் கறையான் அரித்திருந்தது. பழந்தாள்களை எரித்துவிடலாம் என்ற பேச்சு இருமுறை எழுந்து, வேலை மிகுதியால் தள்ளிப்போயிருந்தது. எங்கள் சோம்பலே அவ்வேட்டைக் காத்தது எனலாம்! 1956ஆம் ஆண்டுச் சேர்க்கைப் பதிவேட்டில், தந்தையின் பெயரையும் லயத்தின் எண்ணையும் கொண்டு அம்மாணவனைக் கண்டோம். வீட்டில் வழங்கிய பெயர் அன்று அது. முற்றிலும் வேறு பெயர். பிறந்த நாள் 26.2.1949 என்று இருந்தது. அதனை அடுத்த கட்டத்தில், அக்காலத் தலைமையாசிரியர் மணிமணியான கையெழுத்தில் பிறப்புப் பத்திர எண்ணையும் குறித்திருந்தார்.

அவ்வெண்ணைக் கொண்டு விண்ணப்பித்துச் சில வாரங்களில் நகல் கிடைத்தது. அதனை எனக்குக் காட்ட முதியவரே மகளுடன் வந்தார். அத்தாளில் இருந்த தம் பெயரை இருமுறை உரக்கப் படித்தார். “இப்படி ஒரு பெயர் எனக்கு இருந்தது இத்தனை வயதில்தான் தெரிகிறது, சார்” என்றார். நீல அட்டை அவர் கைக்கு வர மேலும் மூன்றாண்டுகள் சென்றன. அவருடைய தமக்கையாரின் கதை அவ்வாறு முடியவில்லை. பெண்பிள்ளை என்று அவரைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஆதலால் எங்கள் ஏட்டிலும் அவருக்கு ஒரு வரி இல்லை. அவர் இன்றும் சிவப்பு அட்டையோடுதான் வாழ்ந்துவருகிறார்.

ஆசிரியர் கடமை

இது பழங்கதை என்று எண்ணிவிடலாகாது. 1976ஆம் ஆண்டுத் திருமணச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்தபின், கோயிலில் தாலி கட்டிய அளவில் திருமணம் சட்டப்படி நிறைவெய்துவதில்லை, பதிவும் வேண்டும். பதியாத பெற்றோருக்குப் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை தாயின் வழியே அமைகின்றது. தாயிடம் சிவப்பு அட்டை மட்டும் இருப்பின், தந்தை குடிமகனாயினும் பிள்ளையின் நிலை இடர்ப்படுகின்றது. ஒரு தலைமுறை எழுதத் தவறிய வரி அடுத்த தலைமுறையின் தலையில் விழுகின்றது. நாடற்ற நிலையிலிருந்த இந்தியரைப் பதிந்துகொள்ள 2011ஆம் ஆண்டில் ‘மைடாப்தார்’ என்னும் இயக்கம் நடத்தப்பட்டதே இச்சிக்கல் இந்நூற்றாண்டிலும் தொடர்வதற்குச் சான்றாகும். பதிவதற்கான காலம் தீபகற்ப மலேசியாவில் இப்போது 60 நாள்களாக நீட்டிக்கப்பட்டுள்ளது. பெயர் சூட்டிய பின்னரே செல்லலாம். தவறுவதற்கு இனிக் காரணம் இல்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை எரியாதீர், எடைக்குப் போடாதீர். அவற்றைப் படமெடுத்து வையுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று அட்டையில் எழுதி வையுங்கள். மாணவர்க்கோ, தம் தாத்தா பாட்டியின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டுப் பார்த்து, அதிலுள்ள ஊரையும் தோட்டத்தையும் எழுதிவரும் பயிற்சியை அளியுங்கள். வரலாற்றுப் பாடத்திற்கு அதனினும் சிறந்த தொடக்கம் வேறில்லை. பத்திரம் இல்லை என்று சொல்லும் பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்திக் கேளாதீர். தனியே அழைத்துக் கேளுங்கள். அக்குடும்பத்தார்க்கு நம் உதவி தேவைப்படலாம்.

அன்று அத்தலைமையாசிரியர் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தால் எவரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார். எனினும் நிரப்பினார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிய பின்னர் அவ்வெண் ஒரு மனிதனைத் தன் நாட்டோடு சேர்த்தது. இன்று நாம் நிரப்பும் ஏடுகளையும் என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் தேடி வருவார். அவர் வெறுங்கையோடு திரும்பாதிருக்க, ஒவ்வொரு கட்டத்தையும் கருத்தூன்றி நிரப்புவோமாக.